ஏரி டிரவுட்டும் படகுத் தூண்டிலும்

குளிர்நாட்டு மீனாகிய டிரவுட், நீரின் உஷ்ணநிலையை அனுசரித்தே தன் இருப்பிடத்தைத் தேர்ந்துகொள்ளுகிறது. 10 முதல் 16 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள நீர் அதற்கு உகந்தது. 20 டிகிரிக்கு மேற்பட்டால் அது துன்புறத் தொடங்கும். பெங்களூரில் ஜீவனஹள்ளிக்கு அண்மையிலுள்ள அல்சூர் ஏரி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருந்தும், ஆழம் குறைந்து வெயிலில் எளிதில் சூடேறுவதால் இம்மீனுக்கு ஏற்றதன்று. தென்னிந்தியாவில் டிரவுட்டுக்கு இடமளித்தவை நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளே. அங்கு இதனைக் கொணர 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச். சி. வில்சன் என்பார் வானவில் டிரவுட்டை அங்கு நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகமும் ஏற்பட்டது.

நீர் அடுக்குகள்

ஓடும் நீர் மேலும் கீழும் கலப்பதால், ஓடை முழுவதும் ஏறக்குறைய ஒரே உஷ்ணநிலை நிலவும். ஆழ்ந்த ஏரியின் இயல்பு வேறு. கோடையில் சூடேறிய நீர் இலேசாகி மேலே தங்க, குளிர்ந்த நீர் அடியில் நிற்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே, சில மீட்டர் ஆழத்திற்குள் உஷ்ணநிலை விரைந்து தாழும் ஓர் அடுக்கு உண்டு. இவ்வடுக்கையும் அதனையடுத்த குளிர்நீரையுமே டிரவுட் நாடும். ஆனால் அங்கே பிராணவாயுவும் போதிய அளவு இருத்தல் வேண்டும். வட அமெரிக்கப் பேரேரிகளில் வாழும் ஏரி டிரவுட், கோடையில் 15 முதல் 30 மீட்டர் ஆழத்திற்கும் அதற்கு அப்பாலும் இறங்கிவிடும். ஆகவே, படகில் மீன்பிடிப்போன் முதலில் அறியவேண்டுவது தூண்டில் எந்த ஆழத்திற்குச் செல்லவேண்டும் என்பதே.

கருவிகள்

தூண்டிற்கோல், நரம்பு சுற்றும் உருளை, கரண்டி வடிவான பளபளக்கும் உலோகத் தகடு, அதனுடன் பிணைந்த முள் ஆகியவை அடிப்படைக் கருவிகள். தகடு சுழலும்போது நரம்பு முறுக்கேறாதிருக்க, இடையில் ஒரு சுழலியைக் கோக்க வேண்டும். துடுப்பு மெல்ல வலிக்கும் வேகமே, அதாவது மணிக்கு 2 முதல் 4 கிலோமீட்டர் வரையே, இழுவைத் தூண்டிலுக்குப் பொருந்தும்.

நரம்பில் ஈயக்குண்டு கட்டினால் தூண்டில் ஆழம் செல்லும். எனினும் படகு நகர நகர நரம்பு பின்னோக்கிச் சாயும். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்த நரம்பு நேர்கோடாக நிற்பதாகக் கொண்டால், 30 மீட்டர் நரம்பு விட்டும் தூண்டில் 15 மீட்டரே இறங்கியிருக்கும். இக்குறையை நீக்க, சில கிலோகிராம் எடையுள்ள ஈயக்குண்டைத் தனி உலோகக் கம்பியில் இறக்கி, தூண்டில் நரம்பை அதனுடன் ஒரு கவ்வியால் இணைப்பதுண்டு. மீன் கவ்வியதும் நரம்பு கவ்வியினின்று விடுபடும். மீனுடன் குண்டையும் இழுக்க நேராது.

விடுவிக்கும் மீன்

ஆழத்திலிருந்து விரைந்து மேலே வரும் மீனின் காற்றுப்பை விரிவடையும். டிரவுட்டின் காற்றுப்பை உணவுக்குழலுடன் குழாயால் இணைந்திருப்பதால், அது மிகுந்த காற்றை வாய்வழியே வெளியேற்ற வல்லது. ஆயினும், குளிர்நீரில் வாழ்ந்த மீன் களைத்த நிலையில் சூடான மேல்நீரில் நீண்டநேரம் தத்தளித்தால், விட்டபின்னும் இறந்துபோகலாம். ஆதலின் மீனை விரைவில் கரைவலையால் அன்று, முடிச்சற்ற கைவலையால் ஏந்தி, ஈரக்கையால் பிடித்து, நீரினின்று தூக்காமலே முள்ளை நீக்குதல் நன்று. மேல்நீர் 20 டிகிரியைக் கடந்த நாட்களில், விடுவிக்கும் நோக்குடன் மீன் பிடிப்பதையே தவிர்க்க வேண்டும்.

ஏரி டிரவுட் மெல்ல வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே முட்டையிடும். மிகுதியாகப் பிடித்ததாலும், லாம்பிரே என்னும் ஒட்டுண்ணியின் தாக்குதலாலும், மிச்சிகன் ஏரியில் இது 1950-களில் அடியோடு அற்றுப்போயிற்று. பின்னர் குஞ்சுகளை விட்டே மீட்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

பள்ளியில் ஒரு சோதனை

எடை கட்டிய தக்கையிட்ட புட்டியை ஆழமான கிணற்றில் சில மீட்டர் இறக்கி, தக்கையுடன் இணைத்த இரண்டாம் கயிற்றைச் சுண்டினால், அவ்விடத்து நீர் புட்டியில் நிரம்பும். உடனே மேலெடுத்து உஷ்ணமானியால் அளக்கலாம். மேல்நீருடன் ஒப்பிட்டு மாணாக்கர் வரைபடம் தீட்டினால், நீரின் அடுக்குகள் கண்ணெதிரே விளங்கும். கிணற்றருகே ஆசிரியர் உடனிருத்தல் இன்றியமையாதது.