உஷார்! அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றாதீர்கள்

பழைய எக்ஸ்பாக்ஸைத் திறந்து, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கப் போகிறீர்களா? தயவுசெய்து ஸ்குரூடிரைவரைக் கீழே வையுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். அவசரப்பட்டால் டிஸ்கில் இருப்பது போய்விடும், கன்சோல் போய்விடும், மோசமான நேரமாக இருந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து வரும்.

நான் சொல்வது 2001 நவம்பர் 15-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் எக்ஸ்பாக்ஸ். கறுப்பாக, கனமாக, மூடியில் பெரிய எக்ஸ் எழுத்தோடு இருக்குமே, அதுதான். திறந்தால் அப்படியே ஒரு கம்ப்யூட்டர் போல இருக்கும். 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசஸர், 64 எம்.பி. நினைவகம், சாதாரண மூன்றரை அங்குல ஐ.டி.இ. ஹார்ட் டிஸ்க். சிலவற்றில் சீகேட் 10 ஜி.பி., சிலவற்றில் வெஸ்டர்ன் டிஜிட்டல் 8 ஜி.பி. பழைய கம்ப்யூட்டரில் கிடந்த அதே அகலமான பட்டை கேபிள், அதே நான்கு ஊசி பவர் கனெக்டர். பார்த்த உடனே கை பரபரக்கும், கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். பலர் ஏமாந்தது இந்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான்.

அந்த டிஸ்க் பூட்டப்பட்டது. ஏ.டி.ஏ. செக்யூரிட்டி என்று ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் வசதி அது. மின்சாரம் கிடைத்ததும் டிஸ்க் சுழலும், தன் மாடல் பெயரைச் சொல்லும், ஆனால் 32 பைட் நீளமுள்ள சரியான பாஸ்வேர்ட் வரும்வரை ஒரு எழுத்தைக்கூடப் படிக்க விடாது. கம்ப்யூட்டரில் மாட்டினால் டிஸ்க் இருப்பது தெரியும், எதைத் திறந்தாலும் பிழைச்செய்திதான் வரும். உள்ளே இருக்கும் தகவல் சங்கேதமாக மாற்றப்படவில்லை. வாசலில்தான் தடை.

அந்தப் பாஸ்வேர்ட் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கன்சோலின் மதர்போர்டில் ஈப்ராம் என்று ஒரு குட்டி சிப் இருக்கிறது, மொத்தமே 256 பைட். அதற்குள் அந்தக் கன்சோலுக்கு மட்டுமே உரிய ரகசிய எண் ஒன்று உண்டு. கன்சோலை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணோடு டிஸ்கின் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அந்த நேரத்தில்தான் பாஸ்வேர்ட் உண்டாக்கப்படுகிறது. அதனால் உங்கள் நண்பரின் எக்ஸ்பாக்ஸ் உங்கள் டிஸ்கைத் திறக்காது. அதே கம்பெனியின் அதே அளவு டிஸ்கை வாங்கி மாட்டினாலும் பழைய பாஸ்வேர்ட் பொருந்தாது. பூட்டு ஒரு வீட்டில் இருக்கிறது, சாவி இன்னொரு வீட்டில் இருக்கிறது, அந்தச் சாவி வீட்டைக் கறையான் அரித்துக்கொண்டிருக்கிறது.

கறையான் என்று நான் சொன்னது கடிகாரக் கெபாசிட்டரை. இந்தக் கன்சோலில் நேரத்தைக் காக்க பேட்டரி கிடையாது, ஒரு சூப்பர் கெபாசிட்டர்தான். பிளக்கைப் பிடுங்கினால் சில மணி நேரம் கடிகாரத்தை ஓட்டும், அவ்வளவுதான் அதன் பணி. ஆனால் வயதானால் அது கசிகிறது. கசிந்த திரவம் போர்டில் பரவி, தலைமுடியைவிட மெல்லிய செம்புத் தடங்களை அரிக்கிறது. கன்சோலைப் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் கசிவு நிற்காது. கடைசியாக வந்த 1.6 வகை போர்டில் நல்ல கெபாசிட்டர் போட்டார்கள், அதற்கு முந்தைய 1.0 முதல் 1.5 வரை எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. போர்டு அரித்துப்போன கன்சோல்கள் திடீரென்று தானாக ஆன் ஆகும், அல்லது ஸ்விட்சை எத்தனை முறை அழுத்தினாலும் எழுந்திருக்காது. அப்படி ஆன அன்று டிஸ்க் முழு ஆரோக்கியமாகவே இருக்கும். திறக்கத்தான் ஆள் இருக்காது.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விளையாட்டில் சேமித்து வைத்த நிலைகள் மட்டுமில்லை. இந்தக் கன்சோல் பாட்டு சி.டி.யைத் தன் டிஸ்கில் ஏற்றிக்கொள்ளும். அன்றைக்கு வீட்டில் யார் என்ன பாட்டுக் கேட்டார்கள் என்ற பட்டியல் இன்னும் அதற்குள் கிடக்கும், குழந்தைகள் வைத்த பெயர்களோடு. எக்ஸ்பாக்ஸ் லைவ் வழியாக இறக்கிய கூடுதல் பகுதிகளும் இருக்கலாம். முதல் எக்ஸ்பாக்ஸுக்கான அந்தச் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15-ஆம் தேதி நிறுத்திவிட்டது, மறுபடி அங்கிருந்து இறக்க வழியில்லை. இறந்துபோன அண்ணனோ அப்பாவோ ஓட்டிய கார் பந்தயத்தின் சாதனை நேரம் ஒரு டிஸ்கில் இருந்தால், அதற்கு என்ன விலை சொல்வீர்கள்?

இப்போது உயிர் ஆபத்து. கம்ப்யூட்டரில் பவர் சப்ளை இரும்புப் பெட்டிக்குள் மூடியிருக்கும். இந்த எக்ஸ்பாக்ஸில் அப்படி இல்லை. மேல்மூடியைக் கழற்றி டிஸ்கையும் டி.வி.டி. டிரைவையும் தூக்கினால் பவர் சப்ளை போர்டு திறந்த மேனியாகக் கிடக்கிறது. வீட்டு மின்சாரம் நேராக வந்து ஏறும் இடம் அது. 230 வோல்ட் நாட்டுக் கன்சோலில் பெரிய கெபாசிட்டர் ஏறத்தாழ 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். விரலோ ஸ்குரூடிரைவரோ பட்டால் தப்பிப்பது அதிர்ஷ்டம்தான். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விற்ற எக்ஸ்பாக்ஸ் 120 வோல்ட்டுக்கானது. அங்கிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்ததை இங்கே சுவரில் நேரடியாகச் செருகினால் புகைதான் மிஞ்சும். பவர் கார்டு விஷயத்தில் மைக்ரோசாஃப்டே பயந்தது. தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது என்று 2005 பிப்ரவரியில் 1 கோடியே 41 லட்சம் கார்டுகளை மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது. 2003 அக்டோபர் 23-க்கு முன்பு தயாரான பெட்டி உங்களிடம் இருந்தால், பழைய கார்டு இன்னும் அதோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதையெல்லாம் தெரிந்தும் பலர் செய்கிற ஒரு வித்தை உண்டு, ஹாட் ஸ்வாப். கன்சோலை ஆன் செய்ய வேண்டும், அது தன் டிஸ்கைத் தானே திறந்துகொள்ளும். ஒருமுறை திறந்த டிஸ்க், மின்சாரம் நிற்கும்வரை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பட்டை கேபிளை மட்டும் கன்சோலிலிருந்து பிடுங்கிக் கம்ப்யூட்டர் கேபிளைச் செருகுவது. இது நடக்கும் என்பது உண்மை. நடந்த கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கருகிய கதையை யார் சொல்லப்போகிறார்கள்?

ஐ.டி.இ. என்பது ஓடும்போது பிடுங்கிச் செருகுவதற்காக உருவானதில்லை. யு.எஸ்.பி.யில் அதற்கென்று ஊசிகளையே நீளம் மாற்றி அமைத்திருக்கிறார்கள், இதில் அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. 40 ஊசிக் கனெக்டர் ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தால் போதும். டிஸ்குக்குக் கன்சோலிலிருந்து மின்சாரம், கேபிளுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து மின்சாரம், இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் ஒன்றுபோல் இல்லையென்றால் அந்த வித்தியாசம் டிஸ்கின் போர்டு வழியாகத்தான் பாயும். அது கருகினால் பாஸ்வேர்ட் தெரிந்தும் பயனில்லை. அதோடு, இத்தனையும் நீங்கள் செய்வது மூடி திறந்த, மேலே சொன்ன அந்தப் பவர் சப்ளைக்குப் பக்கத்தில் கை வைத்துக்கொண்டு! வேண்டாம். உங்கள் பிள்ளை செய்ய நினைத்தாலும் தடுத்துவிடுங்கள்.

சரி, ஹாட் ஸ்வாப் தப்பித் தவறி வெற்றி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த குழி விண்டோஸ் தோண்டுகிறது. இந்த டிஸ்கின் ஃபைல் அமைப்பு ஃபேட்எக்ஸ், எக்ஸ்பாக்ஸுக்கென்றே செய்தது. விண்டோஸுக்கு அது புரியாது. புரியாத டிஸ்கைப் பார்த்ததும் இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். பழக்க தோஷத்தில் ஓகே அழுத்தினால், டிஸ்கின் தொடக்கத்தில் தன்னுடைய எழுத்தை எழுதிவிடும், ஃபார்மட்டுக்கும் சம்மதித்தால் மற்றதும் போச்சு. கேட்கிற பெட்டியை மூடுங்கள், எதற்கும் ஆம் சொல்லாதீர்கள். லினக்ஸிலும் ஃபேட்எக்ஸ் படிக்கும் மென்பொருளைப் படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்தால்தான் நிம்மதி.

பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஐந்து முறை தவறினால் டிஸ்க் மேற்கொண்டு கேட்காது, அணைத்துப் போட்டால்தான் மறுபடி காது கொடுக்கும். இதைவிடக் கொடியது, எந்த டிஸ்கையும் திறந்துவிடும் என்று சொல்லி இணையத்தில் சுற்றும் இலவச நிரல்கள். சிலவற்றில் வைரஸ். சிலவற்றில் உண்மையிலேயே பூட்டு போகும், எப்படியென்றால் செக்யூரிட்டி இரேஸ் என்ற கட்டளை வழியாக. அந்தக் கட்டளை பூட்டையும் நீக்கும், டிஸ்கில் உள்ள அத்தனையையும் சேர்த்தே அழிக்கும். காலி டிஸ்க் போதும் என்பவருக்கு அது தீர்வு. உங்களுக்கு இல்லை.

ஒழுங்காகத் திறந்தவர்களும் ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். டிஸ்கைப் பூட்டு நீக்கியே கன்சோலில் திரும்ப மாட்டிவிடுவது. எந்த மாற்றமும் செய்யாத எக்ஸ்பாக்ஸ் பூட்டில்லாத டிஸ்கை ஏற்காது. திரையில் பிழை எண் 05 வந்து நின்றுவிடும். வேறு பாஸ்வேர்டால் பூட்டியிருந்தால் 06. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

அப்படியானால் என்னதான் செய்வது? கன்சோல் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, டிஸ்கை விட்டுவிட்டு முதலில் அந்த 256 பைட்டைக் காப்பாற்றுங்கள். மூடியைத் திறக்காமலே இதற்கு வழி இருக்கிறது. மெக்அசால்ட், ஸ்பிளின்டர் செல் போன்ற சில விளையாட்டுகளின் பழைய பதிப்புகளில், சேமித்த நிலையை ஏற்றும் இடத்தில் ஒரு ஓட்டை உண்டு. அதன் வழியாக வேறு நிரலை ஓட்டி ஈப்ராமை ஒரு கோப்பாக எழுதச் செய்யலாம், பிறகு நெட்வொர்க் கேபிள் மாட்டி எஃப்.டி.பி. வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுத்த கோப்பு சரியாக 256 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தாலும் கூடினாலும் மறுபடி எடுங்கள். அதை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள், கன்சோலின் சீரியல் எண்ணைப் பெயராக வைத்து. வந்த வழியிலேயே சேமித்த நிலைகளையும் பாட்டுகளையும் இறக்கிவிடலாம், ஹார்ட் டிஸ்கைக் கழற்றவே வேண்டியிருக்காது. சில விளையாட்டுகளின் நிலைகள் கன்சோலின் ரகசிய எண்ணால் முத்திரையிடப்பட்டவை, இன்னொரு எக்ஸ்பாக்ஸில் போட்டால் ஏற்காது. அதற்கும் இந்த 256 பைட் வேண்டும்.

அதை முடித்த பிறகு, உங்களுடையது 1.6-க்கு முந்தைய போர்டாக இருந்தால் மட்டும், சால்டரிங் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அந்தக் கடிகாரக் கெபாசிட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள். அசைத்துப் பிடுங்கக் கூடாது, தடம் சேர்ந்து பிய்ந்துவிடும். கசிந்த இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அந்தக் கெபாசிட்டர் இல்லாமல் இந்தப் பழைய போர்டுகள் நன்றாகவே ஓடும், பிளக்கைப் பிடுங்கினால் தேதியை மறந்துவிடும், அவ்வளவே நஷ்டம்.

உங்கள் எக்ஸ்பாக்ஸ் ஏற்கெனவே எழுந்திருக்காமல் போய்விட்டதா? அந்தப் போர்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். போர்டு செத்தாலும் ஈப்ராம் சிப் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதிலிருந்து போகும் இரண்டு கம்பித் தடங்களில் ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை இணைத்து, கன்சோலை ஆன் செய்யாமலே அதைப் படித்துவிட முடியும். டிஸ்கையும் போர்டையும் பிரிக்காமல் ஒரே பையில் போட்டு, எது எதனுடையது என்று எழுதி ஒட்டி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகு அந்த வேலை தெரிந்தவரைத் தேடுங்கள்.