உமிழ்நீர் வற்றினால் பற்களுக்கு நேரும் கேடு

பண்டைக் காலத்தில் களவுக் குற்றம் சுமத்தப்பட்டவரைச் சோதிக்க வழங்கிய முறைகளுள் தண்டுல திவ்யம் என்பது ஒன்று. சந்தேகத்துக்கு உள்ளானவர் அரிசியை மென்று உமிழ வேண்டும். உமிழ்ந்ததில் இரத்தம் தென்பட்டால் அவரே கள்வர் எனத் தீர்ப்பாகும். அச்சம் மிகும்போது உமிழ்நீர் குன்றி வாய் உலர்கிறது. உலர்ந்த வாயில் அரிசி ஈறுகளைக் கீறுவது இயல்பே. ஆனால் அச்சம் குற்றமற்றவருக்கும் உண்டு. உமிழ்நீரை நம்பித் தீர்ப்பளித்ததால் எத்தனை பேர் வீணே தண்டிக்கப்பட்டனரோ!

அச்சத்தால் வரும் வறட்சி சில நிமிடங்களில் நீங்கிவிடும். மாதக் கணக்கில் நீடிக்கும் வறட்சியே பற்களை அழிக்கிறது. மூன்று இணைப் பெரிய சுரப்பிகளும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் 99 சதவீதம் தண்ணீரே. எஞ்சிய சிறு பகுதிதான் பெரும்பணி புரிகிறது. இனிப்பு உண்டவுடன் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அதனை அமிலமாக்குகின்றன. அமிலத்தின் கடுமை மிகுந்து, அதனைக் குறிக்கும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தை மீண்டும் நிரப்புகின்றன. வாய் உலர்ந்தவரிடம் இந்தச் செப்பனிடுதல் நிகழ்வதில்லை.

ஆகவே சொத்தை விழும் இடமும் மாறுகிறது. கீழ்த்தாடையின் முன்பற்கள் எந்நேரமும் உமிழ்நீரில் நனைந்திருப்பதால், சாதாரணமாக அவற்றில் சொத்தை விழுவது அரிது. அப்பற்களிலும், ஈற்றோரத்தில் பல்லின் வேர்ப்பகுதியிலும் சொத்தை காணப்பட்டால் உமிழ்நீர்க் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். நாவில் வெடிப்பு, வெண்படலமான பூஞ்சை, பொய்ப்பல் நில்லாமல் நழுவுதல் ஆகியனவும் அடையாளங்களே. தண்ணீர் குடிக்காமல் உலர்ந்த ரொட்டியை விழுங்க முடிகிறதா என்று கேட்டாலே கள ஊழியருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் மல்காஜ்கிரி போன்ற பகுதிகளில் இக்கேள்வி மிகவும் தேவைப்படுகிறது. "நோரு எண்டிபோதுந்தி" என்று தெலுங்கில் முறையிடுபவரிடம், வெயிலின் கொடுமை என்று கூறி மேலே நடந்துவிடுவது எளிது. ஆனால் வெயிலால் வரும் வறட்சி தண்ணீர் குடித்து நிழலில் இருந்தால் தீரும். தீராதபோது நீரிழிவு உண்டா என்று பார்க்க வேண்டும். உட்கொள்ளும் மருந்துகளையும் விசாரிக்க வேண்டும். ஒவ்வாமை, மனச்சோர்வு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குத் தரப்படும் மருந்துகள் பல வாயை உலர்த்துபவை. அவற்றைத் தாமே நிறுத்திவிடாமல், மாற்றுமருந்து உண்டா என மருத்துவரிடம் கேட்குமாறு நோயாளிக்குச் சொல்ல வேண்டும். கண்ணும் வாயும் ஒருசேர வறளும் நோயொன்றை 1933இல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஷோகிரன் விரிவாக விவரித்தார்; அது பெண்களிடமே மிகுதி.

இவை எல்லாவற்றினும் கடுமையானது கழுத்து, வாய்ப் புற்றுக்குத் தரப்படும் கதிர்வீச்சினால் நேரும் வறட்சி. புகையிலைப் பழக்கம் பரவியுள்ள நம் நாட்டில் இத்தகைய நோயாளிகள் ஏராளம். ஹைதராபாத்தில் 1955இல் தோன்றிய எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையும், சென்னை அடையாற்றில் 1954இல் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனையும் இவர்களுக்குச் சிகிச்சை அளித்து வருகின்றன. கதிர்வீச்சு தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே உமிழ்நீர் குறையத் தொடங்கும். சுரப்பிகள் முற்றிலும் மீளாமலும் போகலாம். கதிர்வீச்சு பட்ட தாடையில் பின்னர்ப் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே பட்டுப்போகக்கூடும். ஆதலின் பிடுங்க வேண்டிய பற்களைச் சிகிச்சைக்கு முன்னரே பிடுங்கிப் புண் ஆற அவகாசம் அளிப்பது இன்றியமையாதது. இச்செய்தி நோயாளியின் வீட்டுக்குக் காலத்தில் எட்டுவதில்லை என்பதே குறை.

வறட்சி உள்ளவர் தண்ணீரை அடிக்கடி சிறு மிடறுகளாகக் குடிப்பது நலம். சர்க்கரை இட்ட தேநீரையும் குளிர்பானத்தையும் நாள் முழுதும் உறிஞ்சுவது தீயில் நெய் வார்ப்பதாகும். உமிழ்நீரைத் தூண்டுமென்று எலுமிச்சைத் துண்டையும் புளிப்பு மிட்டாயையும் வாயில் அடக்கும் வழக்கமும் நன்றன்று. முறிக்க உமிழ்நீர் இல்லாத வாயில் அவ்வமிலம் எனாமலையே தின்னும். சர்க்கரை சேராத சூயிங்கம் தூண்டுதலுக்குப் போதும். சாராயம் கலந்த வாய்கொப்புளிப்பு மருந்துகளையும் புகையிலையையும் விலக்க வேண்டும். ஃபுளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும் படுக்குமுன்னும் துலக்கி, நுரையைத் துப்பியபின் வாயை மிகுதியாக அலம்பாது விடுவது பயன் தரும். உறக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுவதால், இரவுத் துலக்குதல் காலைத் துலக்குதலினும் முக்கியமானது.

நல்கொண்டா போன்ற, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்களில் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பற்களில் கறை படிவது எனாமல் உருவாகும் சிறு வயதில்தான். அங்கே சிறுவர் பற்பசையை விழுங்காதபடி பார்த்துக்கொள்வது அவசியம். வாய் உலர்ந்த முதியவருக்கோ அதே பற்பசையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.