பட்டன் இருந்தும் வெடிக்கும் டிரெய்லர் டயர்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், மாதக்கணக்கில் களத்தோரம் நின்ற டிரெய்லருக்கு ஓய்வில்லை. ஊருக்குள் எருவும் நெல் மூட்டையும் ஏற்றிய அதே வண்டி முழுப் பாரத்துடன் ஆலைக்கு 30, 40 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பலரும் துணிந்து கிளம்பிவிடுகிறார்கள். நடுவழியில் டயர் வெடித்தால் நஷ்டம் டயரோடு நிற்பதில்லை. வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரைவைக்குப் போக வேண்டும். சாலையோரத்தில் காய்ந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். பாரம் சாய்ந்து டிரெய்லர் கவிழ்ந்தாலோ உயிருக்கே ஆபத்து.

லாரி டயர் ஓடித் தேய்கிறது என்றால், டிரெய்லர் டயர் பெரும்பாலும் நின்றே கெடுகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுகச் செய்து, பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். ரப்பரில் கலந்துள்ள மெழுகு, டயர் ஓடி வளையும்போது மேலே வந்து அதைக் காக்கும். நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தக் காப்பு குறைவு.

டயரின் வயதை அறிவது எளிது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பெரும்பாலான டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். ஐந்தாறு வருடம் கடந்த டயரைப் பருவத்துக்குப் பருவம் கழற்றி, அச்சுப் பக்கம் மறைந்திருக்கும் உள்பக்கத்தையும் பார்க்கவும். வெடிப்பின் வழியே நூல் தெரிந்தாலோ, எங்காவது புடைத்திருந்தாலோ அந்த டயரைத் தள்ளிவிட வேண்டியதுதான். பத்து வருடம் தாண்டியதைத் தூர ஓட்டத்துக்கு வைக்காதீர்கள். ரீட்ரெட் டயரில் பட்டன் மட்டுமே புதிது, உடல் பழையது. பழைய டயர் கடையில் கறுப்புச் சாயம் பூசிப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அதில் மயங்க வேண்டாம். புதிய டயரின் விலை கையைக் கடிப்பது உண்மைதான். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் கரும்புப் பருவத்துக்கு முன் ஒன்றையும், பின்னர் மற்றொன்றையும் மாற்றலாம். அதுவரை பாரத்தைக் குறைத்தே ஏற்ற வேண்டும்.

காற்றைக் கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் அதிகமாக நசுங்கிச் சூடேறும். பழைய டயர் வெடிப்பதற்கு இந்தச் சூடுதான் முக்கியக் காரணம். பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, புறங்கையால் ஒவ்வொரு டயரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் காற்று இறங்கியிருக்கும், அல்லது ஹப் பேரிங் இறுகியிருக்கும். சூட்டில் காற்று ஏறியிருக்கிறதே என்று திறந்துவிடக்கூடாது; ஆறியபின் குறைவாகிவிடும்.

பருவம் முடிந்ததும் டிரெய்லரை நிழலில் நிறுத்தி, அச்சுக்கு முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைக்கலாம். நிழலில்லாதவர்கள் சாக்கால் டயரை மூடினால் போதும். டீசலும் கிரீஸும் டயரில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

ஸ்டெப்னி விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். இருப்பதிலேயே கிழ டயர்தான் ஸ்டெப்னி ஆகிறது. அதன் எண்ணையும் பார்க்கவும். கையிலுள்ள ஜாக்கி பாரம் ஏற்றிய டிரெய்லரைத் தூக்குமா என்பதையும் வீட்டிலேயே ஒரு முறை தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது.