தகுதி பாராத அன்பும் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தலும்

கடவுள் மனிதனை அவனது தகுதி கண்டு நேசிப்பதில்லை என்பது கிறிஸ்தவ மறையின் அடிப்படைப் போதனையாகும். திருந்தியவனை இறைவன் ஏற்றுக்கொள்வான் என்று பல சமயங்களும் கூறும். திருந்துவதற்கு முன்னரே கடவுள் அவனை நேசிக்கின்றார், அந்த நேசமே அவனைத் திருத்துகின்றது என்று கிறிஸ்தவம் ஒரு படி முன்னே செல்கின்றது.

இக்கருத்து ஏனைய சமயத்தவர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் ஒன்று நீங்கலாக ஏனையவை ரஹ்மான், ரஹீம் என்னும் இறைநாமங்களுடனேயே தொடங்குகின்றன. ஆயினும் இஸ்லாம் தௌபாவை, அதாவது பாவத்தினின்று மீண்டு இறைவன்பால் திரும்புதலை வலியுறுத்துகின்றது. சைவ சித்தாந்தமோ பக்குவமெய்திய உயிரிடத்துத் திருவருள் பதிதலைச் சத்திநிபாதம் என்கின்றது. வேறுபாடு சிறிதன்று, அதை மறைப்பதால் நல்லிணக்கம் வளர்ந்துவிடாது.

இப்போதனையின் உருவத்தை யாழ்ப்பாண வரலாற்றிலேயே காணலாம். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்தனர். உத்தியோகத்திற்காகவும் சொத்துரிமைக்காகவும் பலர் வெளிப்பார்வைக்கு ஆட்சியாளரின் சபையைத் தழுவினர். 1687 இல் கோவாவிலிருந்து வந்த குரு யோசப் வாஸ், கழுத்தில் செபமாலையுடன் பிச்சைக்காரர் கோலத்தில் வீடுவீடாகச் சென்றார். சில்லாலையை நிலையமாகக் கொண்டு இரகசியமாகப் பணியாற்றினார். உறுதியாக நின்றவர்களை மட்டுமன்றி, அச்சத்தால் வழுவியவர்களையும் அவர் தேடினார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினராலேயே காட்டில் கைவிடப்பட்ட நோயாளரைச் சமயம் வினவாது பராமரித்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

நோயாளியையும் அஞ்சியவனையும் நேசிப்பதில் எவருக்கும் ஆட்சேபனை இராது. கொடுமை இழைத்தவனையும் கடவுள் நேசிக்கின்றார் என்னும்போதுதான் நெஞ்சம் கொதிக்கின்றது. 1995 ஜூலை 9 அன்று நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணித்தியால அவகாசத்தில் வெறுங்கையராக வெளியேற்றப்பட்டனர். இவ்விழப்புகளைச் சந்தித்தோரிடம் சென்று, 'இறைவன் எல்லோரையும் நேசிக்கின்றார், ஆகவே மறந்துவிடுங்கள்' என்று உபதேசிப்பது அன்பன்று. அது குற்றவாளிக்குப் பிடிக்கும் குடை. மேடைகளில் இவ்வாறான பேச்சை நாம் அடிக்கடி கேட்டிருக்கின்றோம்.

விவிலியம் அவ்வாறு கூறவில்லை. லூக்கா நற்செய்தியில் சக்கேயு என்னும் வரி வசூலிப்போர் தலைவன் வருகின்றான். மக்களைச் சுரண்டிச் செல்வம் சேர்த்தவன் அவன். குட்டையனாகையால் இயேசுவைக் காண மரத்தில் ஏறியிருந்தான். முஸ்லிம்கள் ஈஸா நபி எனப் போற்றும் அவர் அண்ணாந்து நோக்கி, அவனது இல்லத்தில் அன்று தாம் தங்கவேண்டும் என்றார். நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. அதில் நியாயமும் உண்டு. அக்கூட்டத்தில் அவனிடம் பணத்தைப் பறிகொடுத்தவர்களும் இருந்திருப்பர் அல்லவா?

ஆனால், விருந்தினரை வரவேற்ற சக்கேயு எழுந்து நின்று, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் கூறினான். கணக்குத் தீர்த்த பின் அன்பு வரவில்லை. அன்பு வந்ததனால் அவனே கணக்கைத் திறந்தான். அந்தக் கணக்கு தனியே கடவுளுடனான கணக்கன்று, பறிகொடுத்த அயலவருடனான கணக்கு. 'கடவுள் மன்னித்துவிட்டார்' என்று கூறிக்கொண்டு அயலவனின் காணியில் குடியிருப்பவருக்கு இக்கதை ஆதரவளிக்காது.

ஒல்லாந்தரின் கெடுபிடியால் யோசப் வாஸ் 1690 இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற இடம் புத்தளம். முந்நூறு ஆண்டுகளின் பின் சோனகதெருவை விட்டுச் சென்ற மக்களுக்கும் அதே புத்தளமே புகலிடமாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினர் திரும்பி வந்துள்ளனர். பலர் இன்னும் அங்கேதான் வாழ்கின்றனர்.