ஆளில்லாத ஊருக்கு இரண்டு உறுப்பினர்கள்

இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகே ஒரு பழைய மேடு இருக்கிறது. பெயர் ஓல்டு சேரம். ஒரு காலத்தில் அங்கே கோட்டையும் பேராலயமும் ஊரும் இருந்தன. 1220ஆம் ஆண்டில் கீழே சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு, மக்களும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே குடிபெயர்ந்தார்கள். நாளடைவில் மேடு வெறிச்சோடியது. ஆனால், நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மட்டும் 1832 வரை அந்த மேட்டை விட்டுப் போகவில்லை!

இது எப்படி நடந்தது? அங்கே ஓட்டு மனிதனுக்கு அல்ல, மனைக்கு. குறிப்பிட்ட சில மனைகள் யார் கையில் இருந்தனவோ, அவர்களே வாக்காளர்கள். எல்லா மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் என்ன ஆகும்? தேர்தல் வரும்போது தமக்கு வேண்டியவர்களின் பெயருக்கு மனைகளை எழுதிக் கொடுப்பார். அவர்கள் வயல்வெளியில் ஒரு மரத்தடியில் கூடி, அவர் காட்டிய ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். 1831இல் வாக்காளர்கள் 11 பேர். ஒருவரும் அங்கே குடியிருந்தவர் அல்லர். அதே வேளையில், இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் உழைத்து வாழ்ந்த மான்செஸ்டருக்கு என்று ஓர் உறுப்பினர்கூட இல்லை.

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. இந்திய வணிகத்தில் பணம் சேர்த்த தாமஸ் பிட் என்பவர் 1691இல் ஓல்டு சேரத்தை வாங்கினார். பின்னர் 1698 முதல் 1709 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தார். அங்கே 410 காரட் எடையுள்ள, பட்டை தீட்டாத வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். அது 1717இல் பிரான்சுக்கு விற்கப்பட்டு, பதினைந்தாம் லூயி மன்னரின் முடியில் ஏறியது. தொகுதியோ குடும்பத்திலேயே தங்கியது. 1735இல் அவருடைய பேரன் வில்லியம் பிட் அதன் வழியாகவே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் பிரதமராகவும் ஆனார். பாட்டன் சொத்து பேரனுக்கு என்பார்கள். அந்தச் சொத்தில் நாடாளுமன்ற ஆசனமும் அடக்கம்!

1802இல் ஓல்டு சேரம் 60,000 பவுனுக்குக் கைமாறியது. புல் முளைத்த மேட்டுக்கா அந்த விலை?

தொகுதி ஒரு சொத்து என்ற எண்ணம் அவ்வளவு ஊறியிருந்தது. பிரதமரின் மகனான இளைய பிட், தாமும் பிரதமராக இருந்தபோது, 1785இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். இத்தகைய 36 தொகுதிகளை உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து ஒழிப்பது அவர் திட்டம். அது தோற்றது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஓல்டு சேரம் உள்ளிட்ட 56 தொகுதிகளை அடியோடு நீக்கியது. மான்செஸ்டருக்கு இரண்டு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். மேட்டின் உரிமையாளருக்கு நஷ்ட ஈடாக ஒரு காசும் கிடைக்கவில்லை.