பள்ளிக் கணிப்பொறிக் கூடமும் கட்டளை வரியும்

திருவனந்தபுரம் பூஜப்புரையில் தலைமையகம் கொண்டு இயங்கும் கைட் என்னும் கேரள அரசு நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயக்க முறைமையொன்றைத் தயாரித்துப் பள்ளிகளுக்கு வழங்கிவருகின்றது. 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற திட்டமாகத் தொடங்கிய முயற்சியே 2017-இல் இந்நிறுவனமாக உருப்பெற்றது. உரிமக் கட்டணம் இல்லாமையே லினக்ஸின் சிறப்பென்று பொதுவாகக் கூறுவர். ஆயினும், கூடத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற ஆசிரியருக்கு அதனினும் பெரிய நன்மை கட்டளை வரியேயாகும்.

சுட்டியால் படங்களை அழுத்திச் செய்யும் வேலையை இருபது கணிப்பொறிகளில் முடிக்க இருபது முறை அமரவேண்டும். தட்டெழுதிய கட்டளையோ எழுத்தாக இருப்பதால், அதை ஒரு கோப்பில் எழுதிவைத்து வேண்டும்போதெல்லாம் இயக்கலாம். அடுத்த பள்ளிக்கு அனுப்பலாம். பிறர் படித்துப் பிழை காட்டவும் இயலும். அவ்வாறு எழுதிவைத்த கட்டளைத் தொகுதியே ஸ்கிரிப்ட் எனப்படுகின்றது.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் முறையிலிருந்தே இவ்வழக்கம் லினக்ஸுக்கு வந்தது. ஒரு கட்டளையின் விடையை மற்றொன்றுக்குள் செலுத்தும் ‘பைப்’ என்னும் குழாய் 1973-இல் அதனுடன் சேர்ந்தது. செய்முறைத் தேர்வு நெருங்கும் வேளையில் வட்டு நிரம்பிவிட்டதென்று கொள்வோம். ‘டியு’ என்னும் கட்டளை ஒவ்வோர் அடைவும் கொண்டுள்ள இடத்தை அளந்து கூறும். ‘சார்ட்’ அதனைச் சிறியது முதலாக வரிசைப்படுத்தும். ‘டெயில்’ கடைசிப் பத்து வரிகளை மட்டும் காட்டும். மூன்றையும் குழாயால் இணைத்தால், இடத்தை அடைத்து நிற்கும் அடைவுகள் உடனே புலப்படும்.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை இயக்குவது ‘கிரான்’. ஆனால் இரவு 2 மணிக்கென எழுதிய ஏற்பாடு, மாலையில் கணிப்பொறிகளை அணைத்துவிடும் பள்ளியில் ஒருநாளும் நடைபெறாது. தவறிய வேலையை மறுமுறை இயந்திரம் உயிர்பெற்றதும் செய்து முடிக்கும் ‘அனக்ரான்’ அத்தகைய இடத்திற்கே ஏற்றது.

இனி அபாயத்தைக் கூறவேண்டும். ‘ஆர்எம்’ என்னும் அழிப்புக் கட்டளை குப்பைக்கூடையில் எதையும் இட்டுவைப்பதில்லை; அழித்தது அழிந்ததே. அடைவின் பெயரை ஒரு மாறியில் வைத்து, அதன்பின் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டு, உள்ளிருப்பவற்றை அழிக்குமாறு எழுதுவது வழக்கம். மாறி வெறுமையாக இருந்துவிடின் எஞ்சுவன சாய்கோடும் நட்சத்திரமுமே. அதன் பொருள் ‘வட்டின் வேரிலிருந்து அனைத்தும்’ என்பதாகும். 2015 ஜனவரியில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இப்பிழையே வெளிப்பட்டது. பயனரின் கோப்புகளோடு, இணைத்திருந்த வெளிவட்டில் உள்ளவையும் அழிந்தன. அவ்வரியின் அருகே ‘பயங்கரம்!’ என்ற பொருளில் நிரலாளர் குறிப்பொன்றும் எழுதியிருந்தார் என்பது வேடிக்கை. அஞ்சியவர் காப்பு எதுவும் இடவில்லை.

ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -யு’ என்று எழுதுவது நல்ல பழக்கமெனினும் இங்கு அது போதாது. மதிப்பே தரப்படாத மாறியைத்தான் அது பிடிக்கும். வெறுமையான மதிப்பு பெற்றதை விட்டுவிடும். மாறியின் பெயரை நெளிவடைப்புக்குள் எழுதி, பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் வினாக்குறியும் இட்டால், இரண்டு நிலைகளிலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

மற்றோர் உபாயம் இதனினும் எளியது. நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது ‘ஆர்எம்’ அன்று. அதற்கு முன்பே ‘ஷெல்’ விரித்துத் தந்துவிடுகின்றது. ஆதலின் ‘ஆர்எம்’ இருக்கும் இடத்தில் முதலில் ‘எக்கோ’ என்று எழுதி இயக்கினால், அழியவிருக்கும் பெயர்கள் திரையில் தோன்றுமேயன்றி எதுவும் அழியாது. மாணவர் கோப்புகளின் நகல் வைத்துள்ள வெளிவட்டை, நகலெடுத்து முடிந்தவுடன் முறைப்படி விடுவித்துக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுதல் வேண்டும். இணைந்தே இருக்கும் நகல், மூலத்தோடு சேர்ந்து அழியக்கூடியது.