நெய்வேலியின் சுழற்சியும் பாகூரின் நீரிறைப்பும்

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நெல்லுக்கும் கரும்புக்கும் நீரிறைக்கும் மோட்டார்களுக்கான மின்சாரத்தின் பெரும்பகுதி புதுச்சேரிக்கு வெளியே உள்ள மத்திய மின் நிலையங்களிலிருந்து வாங்கப்படுகிறது. அவற்றுள் 1962இல் உற்பத்தியைத் தொடங்கிய நெய்வேலி, அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்திலேயே அமைந்துள்ளது. அங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையம் தலா 210 மெகாவாட் திறனுள்ள ஏழு அலகுகளைக் கொண்டது. பழுப்பு நிலக்கரியை எரித்து உண்டாக்கப்படும் நீராவி விசைச்சுழலியைச் சுழற்ற, அதன் தண்டோடு இணைந்த மின்னாக்கியும் சுழல்கிறது.

கம்பிச்சுருளை ஊடுருவும் காந்தப்புலம் மாறும்போதெல்லாம் அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இவ்வியந்திரத்தின் அடிப்படை. பெரிய மின்னாக்கிகளில் சுழல்வது, சுழலி எனப்படும் காந்தமே. பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் பிறக்கும் சுருள்கள் அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்பதால், அப்பெரும் மின்னோட்டத்தை உராயும் இணைப்புகள் வழியே வெளிக்கொணர வேண்டிய இடர் நேர்வதில்லை. சுழலியின் வடமுனை ஒரு சுருளைக் கடக்கையில் ஒரு திசையிலும், தென்முனை கடக்கையில் எதிர்த்திசையிலும் மின்னோட்டம் பாய்வதால் அது மாறுதிசை மின்னோட்டம் எனப்படுகிறது. இருமுனைக் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழன்றால் நொடிக்கு 50 முழு மாற்றங்கள் நிகழும். 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் என்பது இதுவே. மெதுவாகச் சுழலும் நீர்மின் இயந்திரங்களில் காந்தமுனைகளின் எண்ணிக்கையைக் கூட்டி இதே அதிர்வெண்ணைப் பெறுகின்றனர்.

நிலைப்பகுதியில் மூன்று சுருள்தொகுதிகள் 120 பாகை இடைவெளியில் அமைவதால், மூன்று மின்னோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடுகின்றன. உழவர்கள் மும்முனை மின்சாரம் என்பது இதைத்தான். வில்லியனூர், பாகூர் துணைமின் நிலையங்களிலும் அவற்றையடுத்த டிரான்ஸ்ஃபார்மர்களிலும் படிப்படியாக அழுத்தம் குறைக்கப்பட்டு, 415 வோல்ட்டில் ஆழ்குழாய்க் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டாரை அடையும்போது, அம்மூன்று ஓட்டங்களும் மோட்டாருக்குள் ஒரு சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. இருமுனை மோட்டாரில் அப்புலம் 3000 சுற்று வேகத்தில் சுழல, உள்ளிருக்கும் சுழலி சற்றே பின்தங்கி அதைத் தொடர்கிறது. மின்னாக்கியின் சுழற்சியே மோட்டாரில் மீண்டும் உருப்பெறுகிறது எனலாம். அம்மூன்று ஓட்டங்களில் ஒன்று, அதாவது ஒரு பேஸ், அற்றுப்போன நிலையில் மோட்டாரைப் போட்டால், புலம் சுழலாமல் ஒரே கோட்டில் வளர்ந்து தேய்வதால் மோட்டார் நகராமல் உறுமி, மிகையான மின்னோட்டத்தை இழுத்து, காயில் கருகிவிடும். இதைத் தடுக்கும் கருவியை ஸ்டார்ட்டரோடு இணைப்பது ஆயிரக்கணக்கான ரூபாய்ச் செலவைத் தவிர்க்கும்.

மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் மின்னாக்கியின் நிலைச்சுருள்களில் கூடுதல் மின்னோட்டம் பாய்கிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் சுழலியை எதிர்த்து இழுப்பதால், வேகம் குறையாதிருக்கக் கூடுதல் நீராவி தேவைப்படுகிறது. கம்பிகளில் மின்சாரத்தைச் சேமித்துவைக்க இயலாது. வயலில் செலவாகும் ஆற்றல் அதே கணத்தில் எங்கோ ஒரு சுழலியின் தண்டிலிருந்து பெறப்படுகிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் ஏனைய பகுதிகளோடு ஒத்திசைந்து இணைக்கப்பட்டதால், இத்தொகுப்பில் நேரடியாக இணைந்த மாறுதிசை மின்னாக்கிகள் அனைத்தும் இன்று ஒரே அதிர்வெண்ணில் இயங்குகின்றன. தேவை உற்பத்தியை விஞ்சினால் அவை அனைத்தும் சேர்ந்தே வேகம் இழக்கும். அதிர்வெண் வரம்பு கடந்து இறங்கினால், ரிலேக்கள் தாமாகவே சில ஃபீடர்களைத் துண்டித்துச் சுமையைக் குறைக்கின்றன.